பாய்ன் ஆற்றின் போக்கில் மூன்று நாள்

கேள்வி சுருக்கமாக இதுதான்: செப்டம்பர் நடுவில் டப்ளினில் மூன்று நாள் ஓய்வு கிடைக்கிறது. ரோடு பைக் கையில் இருக்கிறது. ஒரு நாளைக்கு நூறு கிலோமீட்டர் மிதிக்கப் பழக்கம் உண்டு. வண்டி நெரிசல் இல்லாத கிராமத்துச் சாலையும் வேண்டும், வழியில் பழைய இடங்களும் வேண்டும். எல்லோரும் கெர்ரி வளையம் என்கிறார்கள், போகலாமா?

போகாதீர்கள் என்பது என் பதில். அயர்லாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கெர்ரி அழகான பகுதி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வளையச் சாலை ஏறத்தாழ 180 கிலோமீட்டர், சுற்றுலாப் பேருந்துகள் அதிலேதான் ஓடுகின்றன. டப்ளினிலிருந்து போய்ச் சேரவே அரை நாள், திரும்ப இன்னொரு அரை நாள். அதற்குப் பதிலாக டப்ளினுக்கு வடமேற்கே, உள்ளூர் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் எட்டிவிடும் மீத் கவுன்டிக்குப் போங்கள். அங்கே பாய்ன் என்று ஒரு ஆறு ஓடுகிறது. கில்டேர் கவுன்டியில் பிறந்து, 112 கிலோமீட்டர் ஓடி, ட்ராஹெடாவைத் தாண்டிக் கடலில் சேர்கிறது. சின்ன ஆறுதான். ஆனால் ஐந்தாயிரம் வருடமாக இந்தத் தீவில் யார் வந்தாலும் இதன் கரையில்தான் எதையாவது கட்டியிருக்கிறார்கள், இடித்திருக்கிறார்கள், சண்டை போட்டிருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நாளுக்கு நூறு கிலோமீட்டர் என்ற கணக்கை விட்டுவிடுங்கள். நான் சொல்லும் வழி மூன்று நாளுக்கும் சேர்த்தே 125 கிலோமீட்டர் பக்கம்தான் வரும். உங்கள் காலுக்கு இது குறைச்சல் என்று தெரியும். ஆனால் பத்து கிலோமீட்டருக்கு ஒரு முறை சைக்கிளைச் சாத்திவிட்டு ஒரு மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும். ஒரு முறை இதே பகுதியை ஒரே நாளில் முடித்தேன். நின்ற இடமெல்லாம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மறு வருடம் திரும்பப் போனபோதுதான் எத்தனையைத் தவறவிட்டிருந்தேன் என்று புரிந்தது.

ஆற்றின் போக்கிலேயே போகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அயர்லாந்தில் பெரும்பாலான நாட்களில் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும். பாய்ன் தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஓடுகிறது. ஆற்றோடு போனால் காற்று முதுகில் இருக்கும். ட்ராஹெடாவில் தொடங்கி மேல்நோக்கி வந்தால் மூன்று நாளும் எதிர்காற்றுதான்.

முதலில் சாலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அயர்லாந்தில் சாலை எண்ணுக்கு முன்னால் ஒரு எழுத்து இருக்கும். எம் என்றால் மோட்டார்வே, சைக்கிளுக்கு அனுமதியே இல்லை. என் (N) என்றால் தேசிய சாலை, அனுமதி உண்டு, ஆனால் லாரிகள் உரசுவது போல் போகும், முடிந்தவரை தவிர்க்கவும். ஆர் என்றால் வட்டாரச் சாலை, பரவாயில்லை. நீங்கள் தேடுவது எல் என்று தொடங்கும் உள்ளூர்ச் சாலை. ஒரு கார் அகலம்தான் இருக்கும். இரண்டு பக்கமும் ஆளுயரச் செடி வேலி, சில இடங்களில் நடுவில் கோடு போட்டாற்போல் புல் முளைத்திருக்கும். 2025 பிப்ரவரியிலிருந்து இந்த உள்ளூர்ச் சாலைகளின் பொது வேக வரம்பை 80லிருந்து 60 கிலோமீட்டராகக் குறைத்துவிட்டார்கள். வரைபடச் செயலி சொல்வதை அப்படியே கேட்காதீர்கள், அது ஐந்து நிமிடம் மிச்சப்படுத்த உங்களைத் தேசிய சாலையில் தள்ளிவிடும்.

எல் சாலைகளில் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, வளைவில் எதிரே வருவது வேலியால் தெரியாது. டிராக்டர் வந்தால் சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு வரும். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு போகாதீர்கள். இரண்டு, பல சாலைகளில் தாரைத் தெளித்து மேலே பொடி ஜல்லி தூவியிருப்பார்கள். புதிதாகப் போட்ட இடத்தில் ஜல்லி ஒட்டாமல் கிடக்கும், இறக்கத்தில் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் சறுக்கிவிடும். மூன்றாவது உங்கள் மாதத்துக்கே உரியது. பறவைகள் கூடு கட்டும் காலம் என்பதால் மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை வேலி வெட்டுவதற்குச் சட்டப்படி பொதுவாகத் தடை. செப்டம்பர் பிறந்ததும் டிராக்டரில் வெட்டுக்கருவியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். வேலியில் பாதிக்கு மேல் முள் மரம். வெட்டிய முள்ளெல்லாம் சாலையில்தான் கிடக்கும். 23 மில்லிமீட்டர் டயரோடு போன என் முதல் பயணத்தில் ஒரே காலையில் இரண்டு பஞ்சர். இப்போது 32க்குக் குறைந்து போவதில்லை. உங்கள் பைக்கில் 28 வரைதான் ஏறும் என்றால் அதைப் போட்டு, இரண்டு ட்யூப் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். முள் குத்தினால் ட்யூபை மாற்றும் முன் டயரின் உள்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். நுனி உள்ளேயே நின்றிருக்கும்.

எதிரே வரும் ஓட்டுநர் ஸ்டீயரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் லேசாகத் தூக்குவார். அங்கே அதுதான் வணக்கம். நீங்களும் தூக்குங்கள்.

சரி, வழிக்கு வருவோம்.

டப்ளினிலிருந்து மேனூத்துக்கு உள்ளூர் ரயில் ஓடுகிறது. வார நாட்களில் காலையும் மாலையும் நெரிசல் நேரத்தில் சைக்கிள் ஏற்ற விடமாட்டார்கள், பத்து மணிக்கு மேல் போங்கள். மேனூத் ஸ்டேஷனை ஒட்டியே ராயல் கால்வாய் ஓடுகிறது. அதன் கரையில் ஷானன் ஆற்றுப் பக்கம் வரை 130 கிலோமீட்டருக்குச் சைக்கிள் பாதை போட்டு 2021-ல் திறந்தார்கள். 1845-ல் ஒரு ரயில் கம்பெனி இந்தக் கால்வாயையே விலைக்கு வாங்கி அதன் பக்கத்தில் தண்டவாளம் போட்டது. அதனால்தான் ரயிலும் தண்ணீரும் தோளோடு தோள் போகின்றன. பாதை சமதளம், பெரும்பாலும் இறுகிய கல்தூள். மெல்லிய டயரானால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கில்காக், என்ஃபீல்டு தாண்டி லாங்வுட் அருகே ஒரு அதிசயம் இருக்கிறது. நீங்கள் கால்வாய்க் கரையில் போய்க்கொண்டே இருப்பீர்கள், திடீரென்று கீழே இன்னொரு தண்ணீர் ஓடும். கால்வாய் கல் வளைவுகளின் மேலேறி பாய்ன் ஆற்றைக் கடக்கிறது. தண்ணீருக்கு மேல் தண்ணீர். அங்கே இறங்கி ஆற்றை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். இனிமேல் இதுதான் வழித்துணை. அங்கிருந்து லாங்வுட் வழியாக ட்ரிம் ஊருக்குப் பதினைந்து கிலோமீட்டருக்குள்தான். முதல் இரவு அங்கே.

ட்ரிம் கோட்டையைத் தேட வேண்டியதில்லை, ஊருக்குள் நுழைந்ததும் அதுவே கண்ணில் விழும். அயர்லாந்தில் நார்மன்கள் கட்டியவற்றில் மிகப் பெரியது. 1172-ல் இங்கிலாந்து அரசர் மீத் முழுவதையும் ஹியூ டி லேசி என்ற பிரபுவுக்குக் கொடுத்தார். அவர் முதலில் மரத்தால் கட்டினார், மறு வருடமே அது எரிந்தது, அப்புறம் கல்லில் எழுப்பினார். நடுக் கோபுரத்துக்கு இருபது பக்கம், சிலுவை வடிவம். பார்க்க அழகு, ஆனால் முற்றுகையில் ஒவ்வொரு மூலையும் பலவீனம். அதன் பிறகு அங்கே யாரும் இதைப் போல் கட்டவில்லை.

ஆனால் ட்ரிம்மில் என் மனதில் நின்றது கோட்டையல்ல. ஆற்றோரமாகக் கிழக்கே சிறிது தூரம் நடந்தால் நியூடவுன் என்ற இடத்தில் 1206-ல் நிறுவிய பேராலயத்தின் இடிபாடு கிடக்கிறது. பக்கத்துச் சின்னக் கல்லறைத் தோட்டத்தில், கூரையில்லாத ஒரு கோயிலுக்குள், பதினாறாம் நூற்றாண்டுக் கல்லறை ஒன்று. மேலே கணவனும் மனைவியும் கல்லில் படுத்திருக்கிறார்கள். லூகாஸ் டில்லன், ஜேன் பாத். இருவருக்கும் நடுவே ஒரு வாள், ஒருவர் உடல் மற்றவர் மேல் படவில்லை. ஊர்க்காரர்கள் இவர்களுக்கு வைத்த பெயர் பொறாமைக்காரனும் பொறாமைக்காரியும். குனிந்து பாருங்கள். அந்த இரண்டு கல் உடல்களுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் குண்டூசிகள் கிடக்கும். சில பளபளப்பாக, சில பழுப்பேறி, சில துருவாகி உதிர்ந்து கல்லிலேயே கறையாகி. மருவை ஊசியால் தேய்த்து இங்கே போட்டால், ஊசி துருப்பிடிக்கப் பிடிக்க மரு உதிர்ந்துவிடும் என்பது நம்பிக்கை. நான் போனபோது புது ஊசி ஒன்று இருந்தது. மழைத்துளி கூட இன்னும் காயவில்லை. நானூறு வருடத்துக் கல்லறை அன்று காலையும் யாருக்கோ வைத்தியம் பார்த்திருக்கிறது.

இரண்டாம் நாள் ட்ரிம்மிலிருந்து ஆர்161 சாலையில் எட்டு கிலோமீட்டர் போனால் பெக்டிவ் மடம். 1147-ல் சிஸ்டெர்சியன் துறவிகள் நிறுவியது. வயலுக்கு நடுவே நிற்கிறது, கட்டணம் இல்லை, பெரும்பாலும் ஆளும் இல்லை. நேற்று பார்த்த கோட்டையின் ஹியூ டி லேசி 1186-ல் டர்ரோ என்ற இடத்தில் கட்டிக்கொண்டிருந்த இன்னொரு கோட்டையைப் பார்வையிடும்போது கோடரியால் வெட்டப்பட்டார். பின்னர் அவர் உடலை இங்கே அடக்கம் செய்தார்கள், தலை மட்டும் டப்ளினில் ஒரு மடத்துக்குப் போனது. உடல் யாருக்கு என்று இரண்டு மடங்களும் பல வருடம் வழக்காடி, 1205-ல் டப்ளின்காரர்கள் ஜெயித்தார்கள். இடிந்த நடைக்கூடத்தின் வளைவுகள் இன்னும் அழகாக நிற்கின்றன. சைக்கிளை உள்ளே தள்ளிக்கொண்டு போய்ச் சுவரோரம் சாத்திவிட்டு உட்காரலாம்.

அங்கிருந்து எல் சாலைகளில் ஆறேழு கிலோமீட்டரில் டாரா. ஏற்றம் இருக்கிறது, ஆனால் மேடே கடல் மட்டத்திலிருந்து 150 மீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். அயர்லாந்தின் பேரரசர்கள் பதவியேற்றதாகச் சொல்லும் இடம் இது. அரண்மனை, மதில் எதையும் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். புல் மூடிய மேடுகளும் அகழிகளும், மேயும் ஆடுகளும், உச்சியில் நட்டுவைத்த ஒரு கல்லும்தான். லியா ஃபால் என்று பெயர். உரிய அரசன் தொட்டால் அந்தக் கல் கத்தும் என்பது கதை. பக்கத்தில் பிணைக்கைதிகளின் மேடு என்று அழைக்கப்படும் கல்லறை இருக்கிறது. அது அந்த அரசர்களுக்கே புராதனம், அவர்கள் காலத்துக்கு மூவாயிரம் வருடம் முந்தையது. 1899 முதல் 1902 வரை சிலர் பைபிளில் வரும் உடன்படிக்கைப் பேழை இங்கே புதைந்திருக்கிறது என்று நம்பி, பக்கத்திலுள்ள ரத் ஆஃப் தி சினாட்ஸ் என்ற இன்னொரு மேட்டைத் தோண்டிச் சேதப்படுத்தினார்கள்.

டாராவில் நின்று வடகிழக்கே பாருங்கள். தூரத்தில் ஸ்லேன் குன்று தெரியும், உங்கள் இன்றைய இரவு அங்கேதான். கி.பி. 433-ல் டாராவில் அரசன் தன் விழாத் தீயை மூட்டும் முன் நாட்டில் யாரும் தீ மூட்டக் கூடாது என்ற கட்டளையை மீறி, கிறிஸ்தவத்தைப் பரப்ப வந்த புனித பாட்ரிக் ஈஸ்டர் தீயை ஸ்லேனில் ஏற்றினார் என்று மரபு. லீரி என்ற அரசன் இங்கிருந்து அந்த வெளிச்சத்தைப் பார்த்து கோபத்தோடு கிளம்பினானாம். காரில் போனால் இது வெறும் கதை. அந்தக் குன்றைக் கண்ணில் வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் மிதித்தால், ஒரு இரவுத் தீ இவ்வளவு தூரத்தில் எப்படித் தெரிந்திருக்கும் என்பது உடம்புக்கே புரிகிறது.

இடையில் ஸ்க்ரீன் குன்றுக்குப் போக எம்3 மோட்டார்வேயைக் கடக்க வேண்டும். டாராவுக்கும் ஸ்க்ரீனுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தாக்கில் அதைப் போட வேண்டாம் என்று பல வருடம் போராட்டம் நடந்தது. 2007-ல் லிஸ்முல்லின் என்ற இடத்தில் மரக்கம்ப வட்டங்களாலான ஒரு வழிபாட்டிடமே தோண்டியபோது கிடைத்தது. பதிவு செய்துகொண்டு மேலே சாலை போட்டுவிட்டார்கள், 2010-ல் திறந்தார்கள். பழைய சாலையில் லாரிகள் குறைந்தது நமக்கு வசதிதான். ஆனாலும் அந்த இடத்தைக் கடக்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை. இந்த நாட்டில் சாலை போட வேறு பள்ளத்தாக்கு இல்லாமலா போயிற்று?

ஸ்லேன் ஊருக்குள் நுழைவது மட்டும் இந்தப் பயணத்தில் ஆபத்தான இடம். என்2 சாலை செங்குத்தாக இறங்கி, குறுகலான பழைய பாலத்தில் திரும்பி, மறுபடி ஏறுகிறது. லாரிகள் நிறைய, பல உயிர்கள் போன இடம். இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். ஊருக்குள் போனதும் நாற்சந்தியின் நான்கு மூலையிலும் ஒரே மாதிரி நான்கு வீடுகள். சாயங்காலம் குன்றின் மேல் ஏறிப் பாருங்கள், 1512-ல் நிறுவிய மடத்தின் இடிபாடு இருக்கிறது, மறு திசையில் டாரா தெரியும்.

ஸ்லேனில் ஒரு சின்னக் குடிலைத் தவறவிடாதீர்கள். ட்ராஹெடா போகும் சாலையோரம், ஃபிரான்சிஸ் லெட்விட்ஜ் என்ற கவிஞர் வளர்ந்த வீடு, இப்போது அருங்காட்சியகம். 1887-ல் பிறந்தார், ஏழைக் குடும்பம். இந்த மீத் கிராமச் சாலைகளைப் போட்ட கூலிகளில் அவரும் ஒருவர். முதல் உலகப்போரில் சேர்ந்து, 1917 ஜூலை 31 அன்று பெல்ஜியத்தில் ஈப்பர் அருகே இறந்தார். அன்றும் அவர் சாலைதான் போட்டுக்கொண்டிருந்தார், வேலைக்கு நடுவே தேநீர் குடிக்க உட்கார்ந்தபோது குண்டு விழுந்தது. அடுத்த நாள் சைக்கிளில் ஏறும்போது எனக்குக் கீழே இருந்த சாலையே வேறாகத் தெரிந்தது.

மூன்றாம் நாள் காலை பாலத்தைத் திரும்பக் கடந்து, மேடேறியதும் இடதுபுறம் திரும்பி ராஸ்நரி வழியாகப் போங்கள். இந்த எட்டு கிலோமீட்டர்தான் பயணத்திலேயே எனக்குப் பிடித்த துண்டு. கீழே ஆறு வளைகிறது, அக்கரையில் பசுமையான மேட்டின்மேல் வெள்ளைக் கல் சுவரோடு நியூகிரேஞ்ச் என்ற கற்காலக் கல்லறை மேடு. கார்மக் என்ற பேரரசன் புறச்சமயத்தார் கிடக்கும் அந்த மேட்டில் தன்னைப் புதைக்கக் கூடாது என்று சொல்லி இறந்தானாம். கேட்காமல் தூக்கிக்கொண்டு போனவர்களை மூன்று முறை ஆறு பெருகித் தடுத்ததாம், கடைசியில் இக்கரையில் ராஸ்நரியில் புதைத்தார்களாம்.

நியூகிரேஞ்சுக்கு நேராகச் சைக்கிளில் போக முடியாது. தென்கரையில் டோனோர் ஊருக்கு அருகிலுள்ள பார்வையாளர் மையத்தில் சைக்கிளைப் பூட்டிவிட்டு, நடைபாலம் தாண்டி, அவர்கள் பேருந்தில்தான் போக வேண்டும். உள்ளே போகும் இடங்கள் குறைவு, இணையத்தில் முன்பதிவு செய்யாவிட்டால் வெளியே நின்று பார்ப்பதோடு சரி. கி.மு. 3200 வாக்கில் கட்டியது, எகிப்தின் பெரிய பிரமிடைவிடப் பழையது. சுற்றிலும் 97 கற்கள் அணைகட்டியிருக்கின்றன. 19 மீட்டர் நீளமுள்ள குறுகிய வழியில் தோளைச் சாய்த்துக்கொண்டு உள்ளே போனால், தரை தெரியாமலே ஏறிக்கொண்டு போய், உள்ளறையில் வாசலின் மேல்விளிம்பு உயரத்துக்கு வந்துவிடுகிறது. அதனால்தான் வாசலுக்கு மேலே ஒரு ஜன்னல் வைத்தார்கள். டிசம்பர் 21 ஒட்டிய சில நாட்கள் மட்டும் சூரியன் எழும்போது, வாசல் வழியாக அல்ல, அந்த ஜன்னல் வழியாக வெளிச்சம் உள்ளறையின் தரையைத் தொடும். பதினேழு நிமிடம். அகழாய்வு செய்த ஓ'கெல்லி 1967-ல் தனியாக உள்ளே உட்கார்ந்து அதைப் பார்த்தார். கூரைக் கற்களில் மழைநீர் வழிந்தோட வாய்க்கால் செதுக்கி, இடுக்குகளைச் சுட்ட மண்ணும் கடல்மணலும் வைத்து அடைத்திருக்கிறார்கள். ஐந்தாயிரம் வருடமாகியும் ஒழுகவில்லை.

அதே சீட்டில் நௌத் என்ற இன்னொரு கல்லறை மேடும் பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள். மேற்கு ஐரோப்பாவின் பெருங்கற்காலச் செதுக்கல்களில் பெரும் பங்கு அந்த ஒரே மேட்டைச் சுற்றி இருக்கிறது.

அங்கிருந்து டோனோர் வழியாக ஓல்ட்பிரிட்ஜ். 1690 ஜூலை 1, அன்றைய பழைய நாட்காட்டிப்படி, மாமனார் இரண்டாம் ஜேம்ஸும் மருமகன் மூன்றாம் வில்லியமும் இங்கிலாந்து மகுடத்துக்காக இந்த ஆற்றங்கரையில் மோதினார்கள். 36,000 பேர் ஒரு பக்கம், 25,000 பேர் மறுபக்கம். வில்லியம் ஒரு படையை நீங்கள் காலையில் வந்த ராஸ்நரிப் பக்கம் அனுப்பினார். ஜேம்ஸ் பயந்துபோய்த் தன் படையில் பெரும்பகுதியை அங்கே ஓட்டினார். நடுவில் ஒரு பள்ளமும் சதுப்பும் இருந்ததால் இரு தரப்பும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றதோடு சரி. அதற்குள் ஓல்ட்பிரிட்ஜில் கதை முடிந்துவிட்டது. அந்த நிலம் எப்படி ஏறி இறங்குகிறது என்பது உங்கள் தொடைக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

ஓபிலிஸ்க் பாலத்தில் ஆற்றைக் கடந்து, வில்லியம் அரசனின் பள்ளத்தாக்கு என்ற மரநிழல் ஏற்றத்தில் டல்லியாலன் போய், மெல்லிஃபான்ட் மடத்துக்கு இறங்குங்கள். 1142-ல் அயர்லாந்தின் முதல் சிஸ்டெர்சியன் மடம் இது. சாப்பாட்டுக்கு முன் துறவிகள் கை கழுவ 1200 வாக்கில் எட்டுப் பக்க மண்டபம் ஒன்று கட்டியிருக்கிறார்கள், பாதி நிற்கிறது. 1603 மார்ச் 30 அன்று ஹியூ ஓ'நீல் என்ற அல்ஸ்டர் தலைவர் ஒன்பது வருடப் போருக்குப் பின் இங்கேதான் எலிசபெத் அரசியிடம் பணிந்தார். அரசி ஆறு நாளைக்கு முன்பே இறந்துவிட்டிருந்தார். அது ஓ'நீலுக்குத் தெரியாது.

கடைசியாக மொனாஸ்டர்பாய்ஸ். ஒரு கல்லறைத் தோட்டம், ஒரு வட்டக் கோபுரம், இரண்டு பெரிய கற்சிலுவைகள். முயிரெடாக் சிலுவை ஐந்தரை மீட்டர் உயரம், ஆயிரம் வருடத்துக்கு மேல் வயது. கிழக்கு முகத்தில் ஆதாம் ஏவாளில் தொடங்கி நடுவில் இறுதித் தீர்ப்பு, தராசில் ஒரு ஆன்மாவை நிறுக்கிறார்கள். எல்லோரும் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நீங்கள் மேற்கு முகத்தில் அடியில் குந்தி உட்காருங்கள். அங்கே இரண்டு பூனைகள் படுத்திருக்கின்றன. இந்தச் சிலுவையைச் செய்வித்த முயிரெடாக்குக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்ற வாசகம் அவற்றைச் சுற்றித்தான் செதுக்கியிருக்கிறது. அந்த எழுத்தைச் செதுக்கியவர் பூனைகளை நகர்த்த மனமில்லாமல் வரிகளை வளைத்திருக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது.

அங்கிருந்து ட்ராஹெடா ஸ்டேஷன் பத்து கிலோமீட்டர், ஊரைத் தாண்டி ஆற்றின் தென்கரையில் இருக்கிறது. டப்ளினுக்குச் சைக்கிளோடு போக உள்ளூர் ரயில் பாருங்கள், மாலை ஏழு மணிக்கு மேல் என்றால் தொல்லையில்லை. செப்டம்பர் நடுவில் ஏழரைக்குப் பிறகுதான் சூரியன் மறையும், ஆனாலும் விளக்கு இரண்டும் பையில் இருக்கட்டும். தங்குமிடம், சாப்பாடு எல்லாம் போகிற போக்கில் கிடைக்கும், கிராமத்துக் கடைகளில் சூடாக ரோல் போட்டுத் தருவார்கள். நியூகிரேஞ்ச் சீட்டு மட்டும் இன்றைக்கே பதிவு செய்துவிடுங்கள், மூன்றாம் நாள் காலை பத்து மணி வாக்கில் கிடைத்தால் மற்றதெல்லாம் தானாக அமைந்துவிடும்.